தாடிக்கு அடியில்

எனக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேரு. ஒருத்தரு நாற்காலியில ஏறி உட்கார்ந்தாச்சு, கழுத்துல துணியும் கட்டியாச்சு. இன்னொருத்தரு பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு பேப்பருக்கு மேல என்னையப் பார்த்துக்கிட்டிருக்காரு. பார்க்கட்டும், தாடியைத்தான பார்க்குறாரு, அடியில என்ன கிடக்குன்னா பார்க்கப் போறாரு. ரெண்டு பேருன்னா அரை மணி நேரம். அரை மணி நேரத்துல எந்திரிச்சுப் போயிரலாம். இது திண்டுக்கல்லு, நான் மதுரைக்காரன், இங்க என்னைய ஒரு பயலுக்கும் தெரியாது, எந்திரிச்சுப் போனா ஏன்னு கேட்க ஆளில்லை. அதுக்காகத்தான இந்த ஊருக்கே வந்தேன். போனா மட்டும் என்ன ஆகும், நாளைக்கு ஞாயித்துக்கிழமை, காலையில ஒன்பதரைக்கு நகைக்கடையில தோடு கவுண்டர்ல நான் நிக்கணும், வழவழன்னு சவரம் பண்ணின மூஞ்சியோட நிக்கணும், மேனேஜர் ரெங்கராஜ் சார் சொல்லிட்டாரு. மலைக்குப் போயிட்டு வந்ததும் மொத வேலையா தாடியை எடுத்துட்டு வாய்யா, மூணு மாசமா உன்னைய இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போச்சுன்னாரு. எடுக்குறேன் சார்னுட்டேன். கறுப்பு வேட்டி சட்டையை லாட்ஜ்லயே மடிச்சுப் பைக்குள்ள வச்சாச்சு, வெள்ளைச் சட்டை போட்டாச்சு, பஸ் ஸ்டாண்டு வாசல்ல செருப்பு ஒண்ணு வாங்கிக் கால்ல மாட்டியாச்சு, முடிஞ்சுது வேஷம். அப்பவும் கடைக்காரரு நான் உள்ள நுழைஞ்சதுமே வாங்க சாமி, உட்காருங்க சாமின்னாரு. இந்தத் தாடி இருக்குற வரைக்கும் சாமிதான் போல. வெளியில போர்டுல திரவியம் சலூன்னு எழுதியிருந்துச்சு, இவருதான் திரவியமா இருக்கணும், அம்பது அம்பத்தஞ்சு வயசு, கை நிதானமா இருக்கு. நிதானமான கைதான் வேணும். பேப்பர்க்காரரு மறுபடியும் பார்க்குறாரு. என்ன அப்படிப் பார்க்குறாரு, சீழ் எதுவும் வடியுதா, தாடியைத் தாண்டி வெளியில தெரியுதா. தொட்டுப் பார்க்கணும். தொடக்கூடாது. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டேன்.

தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்ன அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வந்துச்சு. தொடாதன்னு சொல்றதுக்கா நானூறு ரூபாய்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என் கை அங்கிட்டுப் போகுதுன்னு. தூக்கத்துல போகும், பஸ்ல போகும், சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இடது கை போகும். போயி அங்க ஒரு கட்டி இருக்கான்னு பார்க்கும், இருந்துச்சுன்னா அது நேத்தைக்கு இன்னைக்குப் பெருசான்னு பார்க்கும். பருவில்லை அது. பருன்னு சொன்னாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பருன்னா நெத்தியில ரெண்டு, மூக்குமேல ஒண்ணு, நாலு நாள்ல காஞ்சு உதிர்ந்து போறது. இது உள்ள இருக்கும். மேல தோலு சும்மா லேசாச் சிவந்திருக்கும், உள்ள புளியங்கொட்டை கணக்கா ஒண்ணு இறுகிக்கிட்டு உட்கார்ந்திருக்கும், தலகாணியில கன்னத்தை வச்சா உசுரு போகும். ஹெல்மெட்டு வாரை மாட்டினா கண்ணுல தண்ணி வரும். ஒண்ணு அடங்குறதுக்குள்ள பக்கத்துல இன்னொண்ணு. இருபத்திநாலு வயசுல ஆரம்பிச்சுது, இருபத்தேழு முடியப்போகுது. இருபத்தேழு வயசு ஆம்பளைக்குப் பருவாம், கேட்குறவனுக்கெல்லாம் கொண்டாட்டம். என்னப்பா இப்பத்தான் வயசுக்கு வர்றியாங்குறான் ஒருத்தன். எவளோ ஒருத்தி உன்மேல ஆசைப்படுறாடா மாப்ளேங்குறான் இன்னொருத்தன். இம்புட்டு ஆசையா, மதுரையில அம்புட்டுப் பொம்பளைங்களும் ஒண்ணா ஆசைப்பட்டாலும் இப்படி வராதே. அம்மா வேற, உடம்புச் சூடுடா அது, எண்ணெய் தேச்சுக் குளி, கோழியைத் தொடாத, நாமக்கட்டியை உரசிப் போடுன்னுச்சு. போட்டேன். ராத்திரி பூரா நாமக்கட்டியைப் பூசிக்கிட்டு வெள்ளை மூஞ்சியோட மல்லாக்கப் படுத்திருந்தேன். காலையில அது காஞ்சு இறுகி, கழுவப் போனா தோலோட சேர்த்து இழுத்துச்சு. கல்யாணம் ஆச்சுன்னா சரியாயிரும்னுச்சு. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு கல்யாணம் எப்படிம்மா ஆகும்னு கேட்டேன், எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு. அப்புறம் மெடிக்கல்ல ஒரு ட்யூபு குடுத்தாங்க. தம்பி இதைப் போடுங்க, பருவும் போகும் கலரும் வரும்னாங்க. உண்மையிலேயே போச்சு. பத்து நாள், பதினஞ்சு நாள், அடேயப்பா, கன்னம் பாலாடை மாதிரி ஆயிருச்சு, நானே என்னைய போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன். அந்த போட்டோ இன்னும் போன்ல இருக்கு. ட்யூபு தீர்ந்த மூணாம் நாள் முகம் பூரா நெருப்பு வச்ச மாதிரி எரிஞ்சு, பொதபொதன்னு கிளம்புச்சு பாருங்க, தாடையில கழுத்துல காதுக்குப் பின்னாலன்னு எல்லா இடத்துலயும். திரும்பப் போய் அதே ட்யூபை வாங்கினேன். அதுதான் மடத்தனம். எட்டு மாசம் வாங்கினேன்.

அந்த எட்டு மாசமும் அமுக்கினேன். அதை இப்ப யோசிக்கக்கூடாது, ஆனா யோசனை அங்கதான் போய் நிக்குது. பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு பெருவிரலையும் வச்சு இடது கன்னத்துல அமுக்கினேன், ஊசியைச் சுட்டுக் குத்தினேன், ரத்தம் வந்தா ஒரு நிம்மதி, அப்பாடா வெளிய வந்துருச்சுன்னு. வரலை. உள்ள உடைஞ்சிருக்கு. டாக்டரம்மா பேனாவை எடுத்துத் தாள்ல படம் போட்டுக் காட்டுனாங்க. நீங்க மேல அமுக்க அமுக்க அது உள்பக்கமா உடையும், உடைஞ்ச இடத்துல சதை கரைஞ்சுபோகும், ஆறும்போது மேல தோலு உள்ள இழுத்துக்கும், அதுதான் குழி, குழி விழுந்தா மாத்திரையில போகாது, அதுக்கு வேற வைத்தியம், லேசு இல்லை, அதனால புதுசு விழாமப் பார்க்குறதுதான் இப்ப நம்ம வேலைன்னாங்க. இந்த ட்யூபை மொதல்ல குப்பையில போடுங்கன்னாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம்ல தம்பின்னு கேட்டாங்க, சத்தமாக்கூடக் கேட்கலை, எழுதிக்கிட்டே கேட்டாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ரொம்பப் பெருசா இருந்த மூணு கட்டிக்குள்ள ஊசி போட்டாங்க, அது ரெண்டு நாள்ல அமுங்குச்சு. மத்ததுக்கு மாத்திரை, ஆறு மாசத்துக்குக் குறையாம. மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பார்க்கணும். மொத மாசம் கூடுதலாத்தான் ஆகும், பயந்து நிறுத்திராதீங்க. உதடு வெடிக்கும். வெயிலுக்குக் களிம்பு. மது தொடக்கூடாது. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, அதுலதான் எல்லாம் கிளம்புச்சு. மூணு மாசத்துக்கு சவரம் பண்ணாதீங்க, பிளேடு ஒவ்வொரு தடவையும் இதைச் சீவுது, அதனாலதான் ஆற மாட்டேங்குதுன்னாங்க. மேடம், நான் நகைக்கடையில தோடு கவுண்டர், தினமும் சவரம் பண்ணணும், அது கடை ரூலுன்னேன். லெட்டர் தர்றேன்னு எழுதிக் குடுத்தாங்க.

லெட்டரைக் கொண்டுபோய் ரெங்கராஜ் சார்கிட்ட நீட்டினேன். அவரு கெட்டவரு இல்லை. ஆனா படிச்சுட்டுச் சிரிச்சாரு, பருவுக்கு லெட்டரான்னு. கஸ்டமர் நகையைப் பார்க்கணும்யா, உன்னையப் பார்த்துப் பயந்து எந்திரிச்சா நான் என்ன பண்ணுறதுன்னாரு. அது சும்மா சொன்னதும் இல்லை. அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு அம்மா ஜிமிக்கி போட்டுப் பார்த்துச்சு. நான் வழக்கம்போல கைக்கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னேன், எங்க வேலையே அதுதான, கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு சூப்பரா இருக்கு மேடம், உங்களுக்குன்னே செஞ்சதுன்னு ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லணும். அந்த அம்மா கண்ணாடியில தன் காதைப் பார்க்கலை, கண்ணாடிக்குப் பின்னால என்னையப் பார்த்துச்சு. பார்த்துட்டு மெதுவா, தம்பி, வேற யாரையாவது காட்டச் சொல்றீங்களான்னுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு. நானும் மரியாதையா சரிங்கம்மான்னுட்டு போய் ஸ்டாக் ரூம்ல நகைப் பெட்டிகளுக்கு நடுவுல நின்னு அழுதேன். அதெல்லாம் சாருக்குத் தெரியும். தாடி விட்டா இன்னும் அசிங்கமா இருக்கும், லெட்டரெல்லாம் செல்லாது, கஷ்டமா இருந்தா நகைச்சீட்டு வசூலுக்கு மாத்தி விடுறேன், தெருத்தெருவாப் போ, அங்க ஹெல்மெட்டைக் கழட்டாமயே பேசலாம்னாரு. விளையாட்டுக்குச் சொன்னாரா நெசமாச் சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன். கார்த்திகை பிறக்க நாலு நாள் இருந்துச்சு. கார்த்திகை பிறந்தா எங்க கடையில பாதிப்பேரு கறுப்பு வேட்டியிலதான் நிப்பாங்க. மாலை போட்டவன்கிட்ட தாடியை எடுன்னு சொல்ல ரெங்கராஜ் சாருக்கு மட்டும் இல்லை, அவரு மொதலாளிக்கே வாய் வராது.

இப்ப நாற்காலியில இருந்தவரு எந்திரிச்சாச்சு, பேப்பர்க்காரரு போய் உட்கார்ந்தாச்சு. அடுத்தது நான். நான் மாலை போட்டது சாமிக்குத் தெரியும்னா எதுக்காகப் போட்டேன்னும் தெரிஞ்சுதான இருக்கும். குருசாமி கையால போடலை, கோயில்ல போடலை, அம்மாவுக்குக்கூடச் சொல்லலை. கடையில வாங்கி, ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நானே போட்டுக்கிட்டேன். சரணம்னு சொல்ல வாயைத் திறந்தேன், வரலை, பயமா இருந்துச்சு. ஆனா விரதம் மட்டும் ஒழுங்கா இருந்தேன். காலையில பச்சைத்தண்ணியில குளியல், கறி மீன் இல்லை, வெறுந்தரையில படுக்கை, மாத்திரை. டாக்டரம்மாவே அடுத்த மாசம் பார்த்துட்டு, நல்லதாப் போச்சு தம்பி, குடியும் இருக்காதுன்னு சந்தோஷப்பட்டாங்க. எனக்குத்தான் சந்தோஷப்பட முடியலை. ஏன்னா எல்லாரும் கும்பிட்டாங்க. வயசான அம்மாக்கள் ஜிமிக்கி வாங்க வந்துட்டு, சாமி, அதை எடுங்க சாமின்னு கையைக் கூப்பிக் கேட்டாங்க. வேற யாரையாவது காட்டச் சொல்லுங்கன்னு ஒருத்தரும் சொல்லலை. தொண்ணூறு நாள் எவரும் என் மூஞ்சியைப் பார்க்கலை, மாலையைத்தான் பார்த்தாங்க. மூணு வருஷத்துல அப்படி ஒரு நிம்மதி எனக்குக் கிடைச்சதே இல்லை. அதுதான் தப்பு. நிம்மதியா இருந்துச்சு பாருங்க, அதுதான். தை பிறந்து எல்லாரும் மாலையைக் கழட்டினாங்க, நான் மட்டும் கழட்டலை. என்ன சாமி எப்போ மலைக்குன்னு கேட்டவங்களுக்கெல்லாம் மாசி மாசம் நடை திறக்கும்போது ஊர்க்காரங்களோட போறேன்னேன். மாசியும் வந்துருச்சு. இருமுடி கட்டுறதாச் சொன்ன அன்னைக்கு பஸ் ஏறி, இங்க இறங்கி, நாலு நாள் லாட்ஜ்ல கிடந்தேன். லாட்ஜ்காரரு சுடுதண்ணிகூடப் போட்டுத் தரலை, சாமிக்குப் பச்சைத்தண்ணிதானேன்னுட்டாரு. அதெல்லாம் போகட்டும், சிரிச்சுக்கலாம். மாயாண்டி அண்ணனைத்தான் முழுங்க முடியலை. எங்க கடை வாசல்ல செக்யூரிட்டி, பதினெட்டு வருஷம் மலை ஏறினவரு. நானே வந்து உங்களுக்கு இருமுடி கட்டிவிடுறேன் சாமின்னாரு, ஊர்ல குருசாமி இருக்காருன்னு சொல்லி நழுவுனேன். கிளம்புறதுக்கு முந்தின நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. என் பேத்தி தன்ஷிகா, மூணு வயசு முடிஞ்சிருச்சு, இன்னும் பேச்சு வரலை, கன்னிசாமி வேண்டினா பலிக்கும்பாங்க, படியேறும்போது ஒரே ஒரு தடவை அவ பேரைச் சொல்லிருங்க சாமின்னாரு. சரிங்கண்ணேன்னேன். அந்த வாயால எப்படிச் சரின்னேன். லாட்ஜ்ல மொத ராத்திரி அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன், மாடிப்படியில நின்னு, பதினாலு படிதான் இருந்துச்சு. அசிங்கமா இருந்துச்சு, இறங்கி வந்துட்டேன்.

இதையெல்லாம் விட எனக்கு இப்ப ஒரே பயம்தான், அதைச் சொன்னா இன்னும் கேவலம், ஆனா அதுதான் உண்மை. குழந்தைக்குப் பேச்சு வருமாங்குறது இல்லை, சாமி கோவிச்சுக்குமாங்குறது இல்லை. அடியில என்ன இருக்கு. தாடிக்கு அடியில என்ன இருக்கு. தொண்ணூறு நாளா நான் பார்க்கலை. தொடவும் இல்லை, தண்ணியை அள்ளி ஊத்துவேன், துண்டை ஒத்தி எடுப்பேன், அவ்வளவுதான். வலி குறைஞ்சிருக்கு. ராத்திரி இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியுது. புதுசா ஒண்ணும் வர்ற மாதிரி தெரியலை, தாடைக்குக் கீழ ஒண்ணே ஒண்ணைத் தவிர, அது போன வாரம் தலையைத் தூக்குச்சு, இன்னமும் விண்விண்ணுங்குது, லாட்ஜ்ல நாலு நாளும் அதைத்தான் காவல் காத்தேன், காலரு படாம, தலகாணி படாம. மதுரைக்குப் போனதும் திங்கக்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்தா அதுக்கும் ஊசி போட்டு அமுக்கிருவாங்க, குழி விழாது. அது சரியாயிரும். ஆனா பழசு. நான் அமுக்கினது, குத்தினது. நாலா, ஆறா, கன்னம் பூராவுமா. தாடி நல்லா அடர்த்தி எனக்கு, எதையும் காட்டலை. ஒருவேளை ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம், அந்தப் போட்டோவுல இருக்குற கன்னம் அப்படியே இருக்கலாம். ஒருவேளை அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி இருக்கலாம். எடுத்தாத்தான் தெரியும். எடுக்காம இருந்தா ரெண்டுமே இருக்கும். எடுக்காம இருந்தா என்ன, வேற வேலை பார்த்தா என்ன, தாடி வச்சவனுக்கு ஊர்ல வேலையே இல்லையா, சீட்டு வசூலுக்கே போனா என்ன. இல்லை, போகக்கூடாது, ஹெல்மெட்டைக் கழட்டாமயே ஒரு ஆயுசை ஓட்ட முடியுமா. கண்ணாடி. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, எங்கிட்டுத் திரும்பினாலும் நான்தான் உட்கார்ந்திருக்கேன். வாங்க சாமின்னு கூப்பிடுறாரு.

நாற்காலி சூடா இருக்கு, பேப்பர்க்காரரு விட்டுட்டுப்போன சூடு. அவரு காசைக் குடுத்துட்டும் போகலை, பெஞ்சுல திரும்ப உட்கார்ந்து பார்க்குறாரு. திரவியம் அண்ணன் துணியை உதறுறாரு, கழுத்தைச் சுத்திக் கொண்டுவர்றாரு, நான் கண்ணை மூடிக்கிறேன், கழுத்துக்குப் பின்னால அவரு விரலு படுது. பட்டதும் நின்னுபோச்சு. துணி வரலை. கண்ணைத் திறக்குறேன். கண்ணாடியில அவரு ரெண்டடி தள்ளி நிக்குறாரு. "சாமி, மாலை கழுத்துலயே இருக்கே"ங்குறாரு. குனிஞ்சு பார்க்குறேன். வெள்ளைச் சட்டைக் காலருக்குள்ள துளசி மாலை, டாலரு நெஞ்சுல கிடக்கு. தொண்ணூறு நாள் குளிக்கும்போதும் தூங்கும்போதும் கிடந்து கிடந்து அது இருக்குறதே எனக்குத் தெரியலை. வேட்டியை மடிச்சேன், செருப்பு வாங்கினேன், இதை விட்டுட்டேன். இதுக்குத்தான் அந்த ஆளு அப்படிப் பார்த்திருக்காரு. மாலையைப் போட்டுக்கிட்டு சலூன் வாசப்படி மிதிச்சா பார்க்காம என்ன செய்வாங்க. "மாலையைக் கழட்டிட்டுத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். மாலையோட நான் கத்தி வைக்க மாட்டேன் சாமி. மலைக்குப் போயிட்டு வந்தாச்சா?" கேட்டுட்டாரு. ஆச்சுண்ணேன்னு சொல்ல ஒரு வார்த்தை போதும். "ஆச்சுன்னா கோயில்லயோ வீட்டுல அம்மா கையாலயோ கழட்டிட்டு வாங்க, நான் இங்கதான இருப்பேன்." நான் எந்திரிக்கணும், பையை எடுத்துக்கிட்டுப் போகணும், ஆனா போனா திரும்ப வர மாட்டேன்னு எனக்குத் தெரியுது, இந்த நாற்காலியில இன்னொரு தடவை ஏற எனக்குத் தெம்பு கிடையாது. அதனால கையை வச்சேன். மாலையைப் பிடிச்சு ஒரே இழுப்பா தலைக்கு மேல தூக்குனேன். டாலரோட கொக்கி தாடி மயிருல மாட்டிக்கிச்சு. மாட்டினது தெரியாம வெடுக்குன்னு இழுத்தேன். தாடைக்குக் கீழ சுளீர்னு ஒரு வலி, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்புறம் சூடா ஒண்ணு கழுத்து வழியா இறங்குது.

உடைஞ்சுபோச்சு. நாலு நாள் காலரு படாமக் காத்தது. கண்ணாடியில வெள்ளைச் சட்டை சிவந்துக்கிட்டே வருது, நான் அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். உள்பக்கமா உடைஞ்சுதா வெளிப்பக்கமா உடைஞ்சுதான்னு டாக்டரம்மா போட்ட படம்தான் ஞாபகத்துக்கு வருது. அது வரும்போது கூடவே அழுகையும் வருது, ஆம்பளை அழுற மாதிரி இல்லை, மூக்கு ஒழுக, சத்தமா. திரவியம் அண்ணன் பஞ்சை எடுத்து வச்சு ஒத்துறாரு, அமுக்காதீங்க அமுக்காதீங்கன்னு நான் கத்துறேன், "அமுக்கலை சாமி, சும்மாதான் வச்சிருக்கேன்"ங்குறாரு. சாமின்னு சொல்லாதீங்கண்ணே. நான் மலைக்குப் போகலை. போறதுக்காகப் போடவும் இல்லை. இந்த மூஞ்சிக்காகப் போட்டேன், சவரம் பண்ணக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க, கடையில மேனேஜரு லெட்டரைப் பார்த்துச் சிரிச்சாரு, அதுக்காகப் போட்டேன், நாலு நாளா இங்கதான் லாட்ஜ்ல கிடந்தேன், என்கிட்ட ஒரு பெரியவரு பேத்திக்கு வேண்டிக்கச் சொன்னாரு, அதுக்கும் சரின்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன், மூச்சு விடாம, பேப்பர்க்காரரு முன்னாடியே. அவரு எந்திரிச்சாரு, அடிக்கத்தான் வர்றாருன்னு நெனச்சேன். வந்து என் கையில தொங்கிக்கிட்டிருந்த மாலையை வாங்கினாரு. ரத்தம் பட்ட இடத்தைத் தன் துண்டாலயே துடைச்சாரு. அலமாரியில இருந்த சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டு வெளியில போனாரு. ஏதாவது திட்டியிருந்தா எனக்குத் தேவலை.

"நாகேந்திரன்ண்ணே, என் பேரு." எதுக்குச் சொன்னேன்னு தெரியலை. "சரி நாகேந்திரன், தண்ணி குடிங்க"ன்னு பாட்டிலைக் குடுத்தாரு. ரத்தம் நிக்கட்டும்னு கால் மணி நேரம் பஞ்சை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். படிகாரம் போடவான்னு கேட்க வந்தவரு, அவரே வேணாம்னு தலையை ஆட்டிக்கிட்டாரு. "இன்னொரு நாளைக்குப் பார்ப்போமா?" "இல்லைண்ணே, இப்பவே எடுங்க." "பிளேடு வேணாம். மிஷினைப் போட்டு ஒட்ட எடுக்குறேன், இந்தப் புண்ணைச் சுத்தி மட்டும் விட்டுருவோம். வழவழன்னு இருக்காது, உங்க மேனேஜரு ஒத்துக்குவாரா?" ஒத்துக்குவாரான்னு தெரியலை. தெருத்தெருவாப் போன்னுருவாரு. மாயாண்டி அண்ணன் வாசல்லயே நிப்பாரு, பேரைச் சொன்னீங்களா சாமிம்பாரு, போகலைண்ணேன்னு சொல்லணும். அந்தக் குழந்தை பேரை வச்சுக்கிட்டு இன்னொரு பொய் சொன்னா என்னால தாங்க முடியாது. "எடுங்கண்ணே." துணியைக் கட்டினாரு, நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். மிஷின் சத்தம் காதுக்குக் கீழ ஆரம்பிச்சு வருது. மயிரு கொத்துக் கொத்தா மடியில விழுறது துணிக்கு மேல தெரியுது. கன்னத்துல காத்து படுது. எத்தனை நாளைக்கு அப்புறம் காத்து படுது, அது நல்லாத்தான் இருக்கு, நல்லா இருக்குறதே பயமா இருக்கு. இடது பக்கம் வரும்போது மிஷின் மெதுவாப் போகுது. ஏன் மெதுவாப் போகுது. என்னத்தைப் பார்த்தாரு. ஒரு இடத்துல நின்னுச்சு, விரலால தோலை லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டாரு, மேடு பள்ளமா இருந்தாத்தான் அப்படிப் பிடிப்பாங்க, எனக்குத் தெரியும். வேணாம்னு சொல்லிரலாமா, பாதியோட நிறுத்தச் சொல்லலாமா. பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம். உதட்டுக்கு மேல. நாடி. மிஷின் நின்னுபோச்சு. பூத்துண்டால ஒத்துறாரு.

"முடிஞ்சுது. கண்ணைத் திறங்க." திறக்கலை. திறந்தா முன்னாடியும் பின்னாடியும் இருக்கு. "நாகேந்திரன், கண்ணைத் திறங்க." அண்ணே, நீங்க சொல்லுங்க. எப்படி இருக்குன்னு நீங்க சொல்லுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க, அதை நான் ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்றவன், அது எனக்கு வேணாம். இருக்குறதைச் சொல்லுங்க. வாசல் பக்கம் வெளிச்சத்துக்கு என் மூஞ்சியைத் திருப்புறாரு, ரெண்டு விரலை நாடிக்குக் கீழ குடுத்து. ஒரு பக்கம் பார்க்குறாரு, இன்னொரு பக்கம் திருப்புறாரு. அவரு மூச்சு எனக்குக் கேட்குது. வெளியில பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுறாங்க, மதுரை மதுரைன்னு. "இடது கன்னத்துல நாலு குழி இருக்கு"ங்குறாரு. "அதுல ஒண்ணு ஆழம், மிளகு உட்காரும். வலது பக்கம் சிவந்து கிடக்கு, குழி இல்லை. தாடைக்குக் கீழ இப்ப உடைஞ்சது, அது எப்படி ஆறும்னு எனக்குச் சொல்லத் தெரியலை, டாக்டர்கிட்ட காட்டுங்க." அப்புறம். "அப்புறம் என்ன, உதடு வெடிச்சிருக்கு." வேற. "வேற ஒண்ணும் இல்லை. மத்தபடி மூஞ்சிதான்."

கண்ணைத் திறக்குறேன்.